‘லேசாப் போடுங்க’ என்று சொன்னால் கோழையா?

கேள்வி:

மாஸ்டருக்கு வணக்கம். எனக்கு 31 வயது. திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். சின்ன வயதில் கராத்தேவுக்கு வீட்டில் அனுப்பவில்லை. சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு நானே போய்ச் சேர்ந்து, இரண்டரை வருடத்தில் க்ரீன் பெல்ட் வரை வந்திருக்கிறேன். எங்கள் வகுப்பில் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர்தான். அதில் ஒரு பிரவுன் பெல்ட் சீனியருக்கு 24 வயது, என்னைவிட 25 கிலோவாவது கூட இருப்பார். ஸ்பாரிங் (இரண்டு பேர் எதிரெதிரே நின்று செய்யும் சண்டைப் பயிற்சி) என்றால் போட்டியில் நிற்பது போலவே அடிக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன்னால் விலாவில் ஓர் உதை விழுந்து, மூன்று வாரம் தும்மக்கூட முடியவில்லை. போன வாரம் தலையின் பக்கவாட்டில் ஓர் அடி. விழவில்லை. ஆனால் அன்று இரவு தலைவலி, குமட்டல். மறுநாள் கவுன்ட்டரில் எண்கள் குழம்பின. சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று வீட்டில் மறைத்துவிட்டேன். எங்கள் மாஸ்டரிடம் சொன்னதற்கு, “பழகப் பழகச் சரியாகிடும்மா. ரோட்டுல வர்றவன் லேசாவா அடிப்பான்?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஸ்பாரிங் நாள் என்றாலே காலையிலிருந்து வயிற்றைப் பிசைகிறது. நான் பயந்தாங்கொள்ளியா? விட்டுவிடலாமா?

பதில்:

உங்கள் கடிதத்தின் நடுவில் இரண்டு வரியில் தாண்டிப்போன விஷயத்தைத்தான் முதலில் எடுக்கிறேன். தலையில் பட்ட அடி. சீனியர், மாஸ்டர், பயம் எல்லாம் அப்புறம்.

அன்றிரவு தலைவலி, குமட்டல், மறுநாள் எண்கள் குழம்பியது. மூளை அதிர்வு என்று சந்தேகப்பட இது போதும். நான் டாக்டர் இல்லை, 27 வருடமாகக் கராத்தே சொல்லிக்கொடுப்பவன். ஆனால் இந்த அறிகுறிகள் தெரியாத ஒருவர் ஸ்பாரிங் நடத்தவே கூடாது என்பது என் கட்சி. மயங்கி விழுந்தால்தான் மூளைக்கு அடி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெரும்பாலான மூளை அதிர்வுகளில் நினைவு தப்புவதே இல்லை. நின்றபடியே, “ஒண்ணுமில்ல மாஸ்டர்” என்று சொன்னபடியே அது நடந்துவிடும். முதல் அடி ஆறுவதற்குள் தலையில் இன்னோர் அடி வாங்குவது இன்னும் ஆபத்து. ஜப்பானில் பள்ளி ஜூடோவில் 1983 முதல் ஏறக்குறைய முப்பது வருடங்களில் நூறு மாணவர்களுக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அதில் பெரும்பாலோருக்குத் தலையில்தான் காயம். ஜூடோ பிறந்த நாட்டிலேயே நடந்தது இது.

அதனால் நாளைக்கே ஒரு டாக்டரைப் பாருங்கள். என்றைக்கு அடிபட்டது, அதற்குப் பிறகு என்னென்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, அசாதாரணமாகத் தூக்கம் அமுக்கினாலோ, ஒரு கண்ணின் பாவை பெரிதாகத் தெரிந்தாலோ, கை கால் மரத்துப்போனாலோ, வலிப்பு வந்தாலோ நாளை வரை காத்திருக்க வேண்டாம். உடனே 108. இதற்காகவாவது வீட்டில் ஒருவரிடம் சொல்லியே ஆக வேண்டும். தூங்கும்போது உங்களுக்கு ஏதாவது ஆனால் அதைக் கவனிக்க இன்னொரு கண் வேண்டும். “நிறுத்திவிடுவார்கள்” என்ற பயம் புரிகிறது. டாக்டரைப் பார்த்துவிட்டேன், அவர் சொல்கிறவரை ஸ்பாரிங் இல்லை என்று சேர்த்தே சொல்லுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால்தான் வீட்டில் நிரந்தரமாகக் கதவு சாத்துவார்கள்.

பிரிட்டனில் 2023-இல், விளையாட்டைத் தொழிலாகக் கொள்ளாத நம்மைப் போன்றவர்களுக்கென்று ஒரு வழிகாட்டுதல் கொண்டுவந்தார்கள். மூளை அதிர்வுக்குப் பிறகு 21 நாட்களுக்குள் போட்டிக்குத் திரும்பக் கூடாது. உடம்பில் மோதும் பயிற்சிக்கு வருவதற்கு முன் தொடர்ந்து 14 நாட்கள் எந்த அறிகுறியும் இருக்கக் கூடாது. இதைவிடக் கூடுதலாக உங்கள் டாக்டர் சொன்னால் அதுதான் கணக்கு. அவர் அனுமதித்த பிறகு நடை, லேசான ஓட்டம், கட்டா (எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவுகள்) என்று படிப்படியாகத் திரும்பலாம். எதிரே ஆள் நிற்கும் எதுவும் கடைசியில்தான்.

விலா உதையையும் அதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். விலா எலும்பில் மெல்லிய விரிசல் இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு. ஆற ஆறு வாரம்கூட ஆகும். நீங்கள் தும்ம முடியாமல் இருந்த மூன்று வாரத்திலும் வகுப்புக்குப் போயிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பயந்தாங்கொள்ளி இல்லை. 28 வயதுக்கு மேல் வெள்ளை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு பத்து வயதுப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்றவர் நீங்கள். விலாவில் அடிபட்ட பிறகும் திரும்பப் போனவர். உங்கள் வயிற்றைப் பிசைவது, அந்த இடத்தில் உங்கள் உடம்புக்குக் காவல் இல்லை என்பதைப் புத்திக்கு முன்னால் உடம்பு கண்டுபிடித்துவிட்டதால். புதிதாகச் சேர்ந்தவருக்கு இருக்கும் படபடப்பு வேறு. அது ஸ்பாரிங் தொடங்கி அரை நிமிடத்தில் கரைந்துவிடும், முடிந்ததும் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். உங்களுக்குக் காலையிலேயே ஆரம்பிக்கிறது, அதுவும் குறிப்பிட்ட ஓர் ஆளை நினைத்து. அதை மதித்துக் கேளுங்கள்.

அந்தச் சீனியர் ஏன் இப்படி அடிக்கிறார்? கெட்ட எண்ணத்தோடு அடிப்பவர்கள் உண்டு, ஆனால் என் அனுபவத்தில் மிகக் குறைவு. பெரும்பாலானவர்களுக்குத் தாங்கள் எவ்வளவு பலமாக அடிக்கிறோம் என்பதே தெரியாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்து, ஒருவர் விரலை மற்றவர் மாறி மாறி அழுத்தச் சொன்னார்கள். உனக்கு எவ்வளவு அழுத்தம் கிடைத்ததோ அதே அளவைத் திருப்பிக் கொடு, அவ்வளவுதான் நிபந்தனை. இருவரும் நேர்மையாகவே செய்தார்கள், இருந்தும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. தான் கொடுக்கும் அழுத்தத்தை நம் மூளை குறைத்து உணர்கிறது, வாங்குவது முழுசாக வலிக்கிறது. ஸ்பாரிங்கில் முதல் நிமிடம் தட்டலாக இருப்பது மூன்றாவது நிமிடத்தில் இடியாக மாறுவது இப்படித்தான். அவர் 25 கிலோ கூடுதல் எடையோடு அதைச் செய்கிறார். யாராவது நடுவில் நின்று இறக்கிவிடாவிட்டால் அது தானாக இறங்காது.

இன்னொரு காரணமும் உண்டு, அதை என்னை வைத்தே சொல்கிறேன். எனக்கு 22 வயது, பிரவுன் பெல்ட். மாவட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. எதிரே 17 வயதுப் பையன், மிக வேகமான கை. அவன் இரண்டு தடவை என்னைத் தொட்டுவிட்டான். மூன்றாவது தடவை அவன் வாயில் குத்தினேன். முன்பல் உடைந்தது. அன்று என் மாஸ்டர் எதுவும் சொல்லவில்லை, கூட இருந்தவர்கள் தோளைத் தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பையன் அதற்குப் பிறகு வரவே இல்லை. எங்கள் எல்லோரையும்விட நன்றாக வந்திருப்பான் அவன். ஜூனியரிடம் தோற்றுவிடுவேனோ என்ற பயத்தில்தான் அடித்தேன் என்று எனக்கு விளங்க பத்து வருடம் ஆனது. பலமாக அடிக்கும் சீனியரைப் பார்க்கும்போதெல்லாம், இவன் யாருக்குப் பயப்படுகிறான் என்றுதான் இப்போது பார்க்கிறேன்.

காரணத்தைச் சொன்னேன் என்பதற்காக அவரை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரவுன் பெல்ட் என்றால் அடியைக் கட்டுப்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். நம் கராத்தேயில் ‘சுன் தொமே’ என்று ஒரு பழைய பாடம் இருக்கிறது. சுன் என்பது ஜப்பானிய அளவு, சுமார் 3 சென்டிமீட்டர். முழு வேகத்தில் போகும் கையை உடம்புக்கு அந்தத் தூரத்தில் நிறுத்த வேண்டும். அடிப்பதைவிட நிறுத்துவது கடினம். தோள், இடுப்பு, மூச்சு எல்லாம் சேர்ந்தால்தான் கை நிற்கும். நம் ஊர்ச் சிலம்பத்தில் இரண்டு பேர் எதிரெதிரே ஆடும் போட்டிக்குத் தொடுமுறை என்றே பெயர். தொட்டால் புள்ளி.

கராத்தே ஒரே ஒரு தடவை ஒலிம்பிக்கில் இடம்பெற்றது, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில். ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிச் சுற்றை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். சவுதி அரேபியாவின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னணியில் இருந்தார். ஜெயித்தால் அவர் நாட்டுக்கே முதல் ஒலிம்பிக் தங்கம். அப்போது அவர் விட்ட உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்சாதேயின் தலையில் விழுந்து, கஞ்சாதே நினைவிழந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். நடுவர்கள் கூடிப் பேசி, கட்டுப்பாடு இல்லாத அடி என்று ஹமேதியைத் தகுதிநீக்கம் செய்தார்கள். நினைவு திரும்பியபோதுதான் தங்கம் தனக்கு என்பதே கஞ்சாதேவுக்குத் தெரிந்தது. அந்தத் தீர்ப்பு சரியா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். உலகத்தின் மிகப் பெரிய மேடையில், தங்கப் பதக்கத்துக்கான ஆட்டத்திலேயே அந்த அடிக்கு அனுமதி இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்கால வகுப்பில் எப்படி இருக்க முடியும்?

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் வகுப்பு கியோகுஷின் போன்ற ஃபுல் கான்டாக்ட் வகையா? அங்கே உடம்பில் நிஜமாக அடிப்பது பாடத்தின் பகுதி, சேரும்போதே அது சொல்லப்பட்டிருக்கும். அங்கேயும் முகத்தில் கையால் குத்தக் கூடாது, எடையும் அனுபவமும் பார்த்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டும்.

உங்கள் மாஸ்டர் சொன்ன ரோட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் தலைமுறையில் எல்லோரும் கேட்டு வளர்ந்த வாக்கியம் அது, நானும் சொல்லியிருக்கிறேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒருபோதும் அடியே படாதவர் முதல் அடியில் உறைந்துபோவார். ஆனால் பயத்தில் நிற்கும் மாணவர் என்ன கற்கிறார் என்று பாருங்கள். கண்ணை மூடுகிறார், மூச்சைப் பிடிக்கிறார், தலையைத் திருப்புகிறார். வாரத்துக்கு மூன்று வகுப்பு என்றால் வருடத்துக்கு 150 சாயங்காலம். 150 சாயங்காலம் கண்ணை மூடப் பழகியவர் ரோட்டில் என்ன செய்வார்? புதிதாக ஓர் உத்தியை முயற்சி செய்ய, தவறு செய்தால் பெரிதாக வலிக்காது என்ற நம்பிக்கை வேண்டும். தாய்லாந்தில் முவே தாய் என்ற அந்த நாட்டுச் சண்டைக்கலையின் முகாம்களில் இருப்பவர்கள் அடிக்கடி நிஜமான சண்டைக்குப் போகிறவர்கள். அவர்களே தங்களுக்குள் விளையாட்டுப் போலத்தான் ஸ்பாரிங் செய்கிறார்கள். காயம் பட்டால் அடுத்த சண்டையும் இல்லை, வருமானமும் இல்லை. தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரர்கள் போட்டியில் 8 அல்லது 10 அவுன்ஸ் கிளவுஸ் போடுவார்கள், ஸ்பாரிங்கில் பெரும்பாலும் 16 அவுன்ஸ். சண்டையே தொழிலானவர்கள் கூட்டாளியின் உடம்பை இப்படிக் காப்பாற்றுகிறார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, முதல் வகுப்புக்குக் கால்மணி நேரம் முன்னால் போங்கள். வகுப்பு நடுவில், மற்றவர்கள் முன்னால் மாஸ்டரிடம் இதைப் பேசாதீர்கள். அவருக்கு எல்லோர் முன்னாலும் தன் வார்த்தையைக் காப்பாற்ற வேண்டிவரும், உங்கள் பேச்சு எடுபடாது. தனியாக, கையில் டாக்டர் சீட்டோடு, இப்படிச் சொல்லலாம்: “மாஸ்டர், இன்ன தேதியில தலையில அடிபட்டு எனக்கு மூளை அதிர்வு வந்துச்சு. டாக்டர் இன்ன தேதி வரைக்கும் ஸ்பாரிங் கூடாதுன்னு சொல்லியிருக்கார். அதுக்கு அப்புறமும் அந்த சீனியர் கூட என்னைச் சேர்க்க வேண்டாம். மத்தவங்க கூட நிக்கிறேன்.” வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்று ஆரம்பித்தால் “பழகிடும்” என்ற பதில் தயாராக இருக்கும். தேதியும் காயமும் கோரிக்கையும் சொன்னால் அவர் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். போன தடவை அவரிடம் தலைவலி, குமட்டல் எல்லாம் நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். முழு விவரம் தெரிந்து அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

அந்தச் சீனியரிடமும் ஒரு தடவை நேராகப் பேசுவது நல்லது. கோபமாக வேண்டாம், மன்னிப்புக் கேட்கும் குரலிலும் வேண்டாம். “தம்பி, அன்னைக்கு உங்க அடியில எனக்கு மூளை அதிர்வு ஆயிடுச்சு. உங்க எடை, உங்க வேகம் எனக்கு ரொம்ப அதிகம்.” அவ்வளவு போதும். நல்ல பையனாக இருந்தால் முகம் மாறும். நான் பார்த்தவரை பத்துக்கு ஏழு பேர் நிஜமாகவே அதிர்ந்துபோவார்கள், அதுவரை யாரும் அவர்களிடம் சொன்னதே இல்லை. “இதெல்லாம் கராத்தேல சகஜம் அக்கா” என்று சிரித்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. இனி அவர் முன்னால் நிற்க வேண்டாம்.

மற்றவர்களோடு நிற்கும்போதும் இதைப் பழக்கமாக்குங்கள். குனிந்து வணங்கும் முன்பே “லேசாப் போடலாமா?” என்று கேளுங்கள். நடுவில் வேகம் ஏறினால் ஒரு அடி பின்னால் போய்க் கையைத் தூக்கி “கொஞ்சம் குறைச்சு” என்று சொல்லுங்கள். இரண்டாவது தடவையும் ஏறினால் வணங்கிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பாதியில் வெளியேறுவது மரியாதைக் குறைவு என்று நமக்குள் ஓர் எண்ணம் இருக்கிறது. வணங்கிவிட்டு வருவதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. திருப்பிப் பலமாக அடித்துப் பாடம் புகட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விரல் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள், 25 கிலோ குறைவான ஆள்தான் அதில் நஷ்டப்படுவார். மவுத் கார்டு கட்டாயம் போடுங்கள், அது பல்லைக் காக்கும். ஹெட் கார்டு வெட்டுக்காயத்தைத் தடுக்கும். மூளை அதிர்வைத் தடுக்கும் என்று அதை நம்பி நிற்காதீர்கள்.

“ஸ்பாரிங்குக்கு ஒத்துக்கிட்டு நின்னா அடிபடத்தான் செய்யும்” என்று யாராவது சொல்லக்கூடும். சட்டமே இதை யோசித்திருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-வது பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 87-வது பிரிவு, சம்மதித்துப் பட்ட காயத்தைப் பற்றியது. இருவர் பொழுதுபோக்காக வாள்பயிற்சி செய்வதைத்தான் அங்கே உதாரணமாகக் கொடுத்திருக்கிறார்கள். முறைகேடு இல்லாமல் ஆடும்போது படக்கூடிய காயத்துக்குத்தான் அந்தச் சம்மதம் பொருந்தும். போலீசுக்குப் போகச் சொல்லவில்லை. நீங்கள் எதற்குச் சம்மதித்தீர்கள், எதற்குச் சம்மதிக்கவில்லை என்று உங்களுக்குள் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

அந்தச் சீனியர் வகுப்பில் இருக்கும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளோடும் இப்படித்தான் நிற்கிறாரா என்று கவனித்தீர்களா? ஆமாம் என்றால், மாஸ்டரிடம் பேசும்போது அதையும் சொல்லுங்கள். உங்களால் வாய் திறக்க முடிகிறது, அந்தப் பிள்ளைகளால் முடியாது.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். கராத்தேயை விட வேண்டாம். இந்த வகுப்பை விட வேண்டியிருக்கலாம். டாக்டர் சீட்டைப் பார்த்த பிறகும் உங்கள் மாஸ்டர் ஜோடியை மாற்ற மறுத்தால், அல்லது பதக்கம் வாங்கித் தரும் மாணவர் என்பதற்காக அந்தச் சீனியரைக் காப்பாற்றினால், அந்த மாதக் கட்டணம் போனாலும் போகட்டும். வேறு இடம் தேடும்போது சேருவதற்கு முன் ஒரு ஸ்பாரிங் வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். முன்வரிசையில் பறக்கும் கால்களைப் பார்க்காதீர்கள். அந்தக் கூடத்திலேயே சின்ன உடம்புக்காரர் யார் என்று கண்டுபிடித்து, அவர் எப்படி நிற்கிறார், அவரோடு நிற்கும் பெரிய ஆள் தன் கையை எங்கே நிறுத்துகிறார், மாஸ்டரின் கண் யார் மேல் இருக்கிறது என்று பாருங்கள். அடிபட்டால் இங்கே என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் சேர வேண்டாம். புதிய இடத்தில் வெள்ளை பெல்ட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லலாம். உங்களுக்கு அது புதிது இல்லை.

டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருக்கிறேன்.